திருகுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

திண்டுக்கல் வட்டாரத்தில் ஏர் ரைபிள் பழகும் பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்



முழுப்பரீட்சை முடிந்து லீவு விட்டதும் நம் பக்கத்தில் புதிதாக ஏர் ரைபிள் வாங்கும் வீடுகள் கூடிவிடுகின்றன. வாங்கிய சில வாரங்களில் அந்த வீடுகளிலிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "ஸ்கோப்புல பார்த்தா எல்லாம் மங்கலா இருக்கு சார். கடையில பழசைத் தலையில கட்டிட்டாங்களா?" நத்தத்திலிருந்து வருகிறவரும் இதையே கேட்கிறார், வேடசந்தூர்க்காரரும் இதையே கேட்கிறார். கையில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே ரகம்: பேரலை மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் ரைபிள். பேரல் நுனியில் கழற்ற முடியாத ஃபோர்சைட். பேரலின் அடிப்பக்கத்தில் பேக்சைட். அதற்குப் பின்னால், மேலே, ரைபிளோடு சேர்த்தே கொடுத்த ஒரு ஸ்கோப்.

தனித்தனியாகச் சொல்லாமல் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் கொண்டுவருவதற்குள்ளேயே பலர் ஸ்கோப்பின் மேலேயும் பக்கத்திலும் இருக்கிற டரட் குமிழ்களைக் கண்டபடி திருகியிருக்கிறார்கள். டரட்டின் வேலை, குண்டு விழும் இடத்தை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்துவது. காட்சியைத் துலக்குவது அதன் வேலையே இல்லை. அதைத் திருகினால் மங்கலும் போகாது, நன்றாக இருந்த குறியும் போய்விடும். பிறகு ஆலன் கீயை எடுத்து மவுண்டை இறுக்குவார்கள். அதற்கும் பிறகு, இன்னும் விலை கூடிய ஸ்கோப்பைத் தேடிப் போவார்கள். மங்கல் கண்ணில் இருக்கலாம், கண்ணாடியில் இருக்கலாம், பூட்டிய விதத்தில் இருக்கலாம், நடுவில் இருக்கிற காற்றில் இருக்கலாம். எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு கை வையுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் அதைக் கண்டுபிடிக்கும் வழி.

எதைத் தொடுவதானாலும் முதலில் பேரலைத் திறந்து உள்ளே பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். ஸ்கோப்பைச் சரிபார்க்கிற சாக்கில் ரைபிளைத் தெருப்பக்கமோ பக்கத்து வீட்டுப் பக்கமோ நீட்டக் கூடாது. ஸ்கோப் பைனாகுலர் அல்ல. அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் பேரலும் பார்க்கிறது.

ஆகவே முதல் சோதனைக்கு ரைபிளே வேண்டாம். ஸ்கோப்பை மவுண்டோடு கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். டவுனுக்குள் வீடு என்றால் பெரும்பாலும் மலைக்கோட்டை தெரியும். வெயில் ஏறாத நேரத்தில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று, பாறையின் மேல் ஓரமாக ஓடும் கோட்டைச் சுவரைப் பாருங்கள். சூரியன் இருக்கிற திசைக்கு ஸ்கோப்பைக் கொண்டுபோகவே கூடாது, கண் போய்விடும். சுவரின் விளிம்பு வானத்தில் கோடு போட்டதுபோல் பிரிந்து தெரிந்தால் ஸ்கோப்பின் கண்ணாடி நல்ல கண்ணாடி. கடைக்காரர் ஏமாற்றவில்லை. தூரத்துச் சுவர் தெளிவாகவும் 10 மீட்டரில் மாட்டிய காகிதம் மங்கலாகவும் இருந்தால், அந்த ஸ்கோப் 10 மீட்டருக்காகச் செய்யப்பட்டதல்ல.

நான் பார்த்த மங்கல்களில் அதிகம் இந்த வகைதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்கான சாதாரண ஸ்கோப்புகளைத் தொழிற்சாலையிலேயே 100 கெஜத்துக்கு, அதாவது சுமார் 91 மீட்டருக்கு, ஃபோகஸ் வைத்து மூடிவிடுகிறார்கள். .22 ரைபிளுக்கென்று வருகிறவற்றில் 50 கெஜம் வழக்கம். அந்தத் தூரத்துக்கு முன்னும் பின்னும் ஓரளவு தெளிவு நீளும், ஆனால் 10 மீட்டர் வரை அது எட்டாது. பெருக்கம் கூடக் கூட அந்தத் தெளிவின் எல்லை சுருங்கவும் செய்யும். 3-9x40 என்று எழுதியிருக்கும் ஸ்கோப்பை 9-ல் வைத்து 10 மீட்டர் டார்கெட்டைப் பார்த்தால் கறுப்பு வட்டத்தின் ஓரம் கரைந்துதான் தெரியும். ஆசையாக 9-க்குத் திருப்பி வைக்காத பிள்ளை யார்?

ஏர் ரைபிளுக்கென்று செய்த ஸ்கோப்பில் முன் லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், அல்லது இடப்பக்கத்தில் மூன்றாவதாக ஒரு குமிழ் இருக்கும். அதில் 10, 15, 25, 50 என்று தூரங்கள் பொறித்திருக்கும். பெட்டியில் ஏஓ என்று போட்டிருந்தால் முன்வளையம் உண்டு என்று அர்த்தம். அது உங்களிடம் இருந்தால் வளையத்தை 10-க்குக் கொண்டுவந்து, பொறித்த எண்ணை முழுசாக நம்பாமல், டார்கெட்டின் எண்கள் கூர்மையாகத் தெரியும் வரை நூலளவு முன்னே பின்னே நகர்த்துங்கள். அது இல்லாத ஸ்கோப் என்றாலும் உடனே வேறு வாங்க ஓட வேண்டாம். பெருக்கத்தை 3 அல்லது 4-க்கு இறக்குங்கள். போதாவிட்டால் முன் லென்ஸின் அளவுக்கு அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் 10 மில்லிமீட்டருக்கு ஒரு ஓட்டை போட்டு, கறுப்பு மை பூசி மாட்டுங்கள். வெளிச்சம் குறையும், ஆனால் ஓரங்கள் சேர்ந்து வரும். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை போதும் இதற்கு.

இதோடு ஒட்டிய இன்னொரு சோதனை. ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் படுக்கவைத்து, கையை எடுத்துவிட்டு, ஸ்கோப்பின் பின்னால் தலையை மட்டும் இடமும் வலமும் அசையுங்கள். குறுக்குக்கோடு டார்கெட்டின் மேல் நகர்கிறதா? அதைத்தான் பாரலாக்ஸ் என்கிறோம். மங்கலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியாது. ஏனென்றால் தலை வைக்கிற இடம் மாறும்போதெல்லாம் குண்டு விழும் இடமும் மாறும். தூர வளையத்தைச் சரியாக வைத்தால் இந்த நகர்வும் நின்றுவிடும். வளையம் இல்லாதவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் கன்னத்தை ஒரே இடத்தில் வைத்துப் பழக வேண்டியதுதான்.

கண் பக்கத்து வளையம் வேறு. அது டார்கெட்டுக்காக இல்லை, குறுக்குக்கோட்டுக்காக. வெள்ளையடித்த சுவரையோ மேகமில்லாத வானத்தையோ ஸ்கோப் வழியே பாருங்கள். கோடு கறுப்பாக, மெல்லியதாக, பார்த்த அந்தக் கணமே தெரிய வேண்டும். இரண்டு மூன்று நொடிக்கு மேல் பார்க்காதீர்கள், விலகி வேறெங்காவது தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்ப வாருங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தன்னைத்தானே சரிக்கட்டிக்கொண்டு, மங்கலான கோட்டையும் தெளிவாக்கிக் காட்டிவிடும். பிள்ளைகளின் கண்ணுக்கு அந்தச் சக்தி அதிகம். அப்பா தன் கண்ணுக்குத் திருகி வைத்த ஸ்கோப் மகளுக்கும் சரியாக இருப்பதுபோல் தெரிவதும், கொஞ்ச நேரத்தில் அவளுக்கு நெற்றி வலிப்பதும் இதனால்தான். வீட்டில் இரண்டு பேர் ஒரே ரைபிளைச் சுடுவதாக இருந்தால் அந்த வளையத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நெயில் பாலிஷ் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஃபோர்சைட்டுக்கு வருகிறேன். "கீழ்ப்பக்கம் சாம்பல் நிறத்துல ஒரு திட்டு தெரியுது, லென்ஸுக்குள்ள ஏதோ விழுந்திருக்கு" என்று கொண்டுவருகிறீர்கள். உள்ளே எதுவும் விழவில்லை. அது உங்கள் ரைபிளின் ஃபோர்சைட்டேதான். பெருக்கம் குறைவாக இருக்கும்போது பார்வைப் பரப்பு அகலமாகி, பேரல் நுனியும் அதற்குள் வந்துவிடுகிறது. ஸ்கோப்பின் ஃபோகஸுக்கு மிகவும் கிட்டத்தில் இருப்பதால் அது உருவமாகத் தெரியாமல் படலமாகத் தெரிகிறது. காட்சியின் கீழ்ப்பகுதியில் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்பதைத் தவிர அதனால் கெடுதல் கிடையாது. குண்டு விழும் இடம் மாறாது. பெருக்கத்தை ஒரு படி ஏற்றினால் திட்டு மறைந்துவிடும். தயவுசெய்து ஆக்சா பிளேடை எடுத்து ஃபோர்சைட்டை அறுக்காதீர்கள். பேரல் வாயின் விளிம்பில் ஒரு பிசிறு விழுந்தால்கூடப் பெல்லட் வெளியே வரும்போது ஒரு பக்கமாகக் காற்றை வாங்கித் திசை மாறும். மேலும், அந்த ஃபோர்சைட்டுக்கு உங்கள் வாழ்க்கையில் பெரிய வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கழற்ற முடியாத சைட்டுகள் உள்ள ரைபிளில் ஸ்கோப் வைக்கும்போது நிஜமான தொந்தரவு திட்டால் வருவதில்லை, உயரத்தால் வருகிறது. ஓப்பன் சைட்டுக்கென்று வடித்த ரைபிளில் கன்னம் வைக்கும் மேடு தாழ்வாக இருக்கும், ஏனென்றால் சைட்டுகள் பேரலை ஒட்டியே இருக்கின்றன. ஸ்கோப்போ அதற்கு வெகுவாக மேலே நிற்கிறது. பேக்சைட்டில் இடிக்கக் கூடாது என்று கடையில் உயரமான மவுண்டைப் போட்டுவிட்டால் இன்னும் ஏறிக்கொள்ளும். இப்போது கன்னத்தைக் கட்டையில் ஒழுங்காக வைத்தால் கண் ஸ்கோப்புக்குக் கீழே போய்விடுகிறது. கண்ணை ஸ்கோப்புக்கு ஏற்றினால் கன்னம் அந்தரத்தில் நிற்கிறது, தாடை நுனிதான் கட்டையைத் தொடுகிறது. கழுத்து அசைய அசைய, காட்சியின் ஓரத்தில் பிறை வடிவில் கறுப்பு நிழல் வந்து வந்து போகும். அந்த நிழலைத்தான் பல பிள்ளைகள் மங்கல் என்று சொல்கிறார்கள்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. முன் லென்ஸின் அகலத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் வருவது, ஸ்கோப்பின் பின்னால் வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம். 40 மில்லிமீட்டர் லென்ஸ், 9 பெருக்கம் என்றால் நாலரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 4-க்கு இறக்கினால் அதே கற்றை 10 மில்லிமீட்டர். கண்மணி அந்தக் கற்றைக்குள் நிற்க வேண்டும். நாலரை மில்லிமீட்டருக்குள், அந்தரத்தில் ஆடுகிற கழுத்தை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படி நிற்கும்? பழைய யோகா பாயைப் பட்டையாக வெட்டிக் கன்னமேட்டில் அடுக்கி, சைக்கிள் டியூப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளுக்கு எடுத்து, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்ததும் முழு வட்டமும் நிழலில்லாமல் தெரிந்தால் உயரம் சரி. வட்டம் சின்னதாகத் தெரிந்து சுற்றிலும் கறுப்பு வளையம் இருந்தால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி சரியில்லை. மூன்று, மூன்றரை அங்குலம் வருமாறு ஸ்கோப்பை ரிங்குக்குள் முன்னே பின்னே நகர்த்த வேண்டும். பெரியவர்கள் தங்கள் கழுத்துக்கு வைத்த இடைவெளி பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

நகர்த்திய பிறகு ஸ்கோப்பின் அகன்ற முன்வாய்க்கும் பேக்சைட்டுக்கும் நடுவில் ஒரு துண்டுத் தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வர வேண்டும். பேரலை மடக்கும்போதும் எங்கேயும் உரசக் கூடாது.

மவுண்ட் திருகாணிகளை இறுக்குவதில் இன்னொரு தவறு நடக்கிறது. ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறீர்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டறைகளில் அரம் பிடிக்கிற பெரியவர்கள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுச் சாவியைப் போட்டுப் பார்ப்பார்கள், மறுபடி இரண்டு இழுப்பு. அதுபோலத்தான், இந்தத் திருகாணிக்குக் கால் சுற்று, எதிர்த் திருகாணிக்குக் கால் சுற்று என்று மாற்றி மாற்றிப் போக வேண்டும். முரட்டுத்தனமாக நெரித்தால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். குழாய் நசுங்கினால் உள்ளே இருக்கும் லென்ஸ் கூடு பிடித்துக்கொள்ளும், பெருக்க வளையம் திரும்பக் கஷ்டப்படும், அதன் பிறகு வருகிற மங்கலை வீட்டில் சரிசெய்ய முடியாது.

அதற்காகத் தளர்வாகவும் விடக் கூடாது. ஸ்பிரிங் ரைபிளின் உதை இரண்டு பக்கமும் உண்டு. ஸ்பிரிங் விடுபட்டதும் ரைபிள் பின்னால் வரும். பிஸ்டன் முன்சுவரில் போய் நிற்கும்போது முன்னால் இழுபடும். வெடிமருந்துத் துப்பாக்கிக்கான ஸ்கோப் பின்னுதையைத் தாங்கும்படி கட்டப்பட்டது. இந்த முன்னிழுப்பில் அதன் லென்ஸ்களும் குறுக்குக்கோடும் உள்ளுக்குள் கழன்றுகொள்ளும். நேற்று வரை தெளிவாக இருந்து இன்று திடீரென்று மங்கியது, அல்லது கோடு சாய்ந்து தெரிகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், தளர்ந்த மவுண்ட் ஒவ்வொரு குண்டுக்கும் நூலிழை நகர்ந்து, கண்ணுக்கான இடைவெளி மெல்ல மெல்ல மாறிவிடும். மவுண்ட் பின்னுக்கு நகராமல் தடுக்கும் ஊசி ஒன்று இருக்கிறதா, ரிசீவரில் உள்ள ஓட்டைக்குள் அது இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கடையிலிருந்து வரும்போது அது இறங்கியிருப்பதில்லை.

அழுக்கைப் பற்றி ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு ரைபிளைத் துடைத்துப் பூ வைத்துக் கும்பிடுவது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் சந்தனமும் குங்குமமும் கட்டையில் இருக்கட்டும். லென்ஸின் விளிம்பில் வைத்த குங்குமம் காய்ந்து, பொடியாகி, கண்ணாடியின் மேல் இறங்கி, அடுத்த வாரம் யாரோ ஒருவர் துண்டு நுனியால் துடைக்க, மேலே பூசிய மெல்லிய பூச்சில் வட்ட வட்டமாகக் கீறல் விழுந்திருக்கும் ஸ்கோப்பைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் காட்சி முழுக்க வெள்ளை பூத்ததுபோல் ஆகிவிடுகிறது. செம்மண் தூசிக்கும் இதே கதிதான். முதலில் ஊதுங்கள், பிறகு மிருதுவான பிரஷ், கடைசியாகத்தான் லென்ஸ் துணி. வெளியே பனித்திருந்தால், உதாரணமாகக் கொடைக்கானல் குளிரிலிருந்து கீழே கொண்டுவந்ததும் ஆவி படிந்தால், துடைக்காமல் நிழலில் வைத்துவிடுங்கள், தானே போய்விடும். உள்ளே பனித்திருந்தால் சீல் விட்டுப்போயிற்று. நைட்ரஜன் அடைத்து மூடிய குழாய் அது, வீட்டில் திறக்காதீர்கள்.

இனி, காற்று. 10 மீட்டர் அறைக்குள் இது பெரிதாகத் தெரியாது. 50 மீட்டரில் .22 பழகும் பெரிய பிள்ளைகளுக்குத் தெரியும்: பங்குனி சித்திரையில் வெயில் ஏறினால் நம் கரட்டு நிலம் கொதித்து, தரையை ஒட்டிய காற்று மேலே கிளம்ப, டார்கெட்டின் வட்டம் நடுங்கும், நெளியும், சில நேரம் இருக்கிற இடத்தைவிட உயரத்தில் தெரியும். இந்தக் கானலை எந்த வளையத்தாலும் துலக்க முடியாது. பெருக்கத்தைக் கூட்டினால் கானலும் சேர்ந்து பெருகும். இறக்கினால் கொஞ்சம் அடங்கும்.

இதோடு நூறு வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டியவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடித்தது அங்கேதான். சூரியனையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு நாள் முழுக்க வேலை இருக்கும் என்று நினைப்போம். ஆனால் தரை சூடாவதற்கு முந்தைய காலை நேரத்தில்தான் படம் அசையாமல் கிடைக்கும் என்பது அவர்கள் தொழிலின் அரிச்சுவடி. அவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்திருப்பவர்களே கானலைத் திருகிப் போக்க முடியாதென்று நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். நீங்களும் காலை ஆறு மணிக்கு வந்து எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பதினோரு மணி வெயிலில் கிடந்துவிட்டு ஸ்கோப்பைத் திட்டாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூலுக்குள் அடங்கிய ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அதனால் அது விளையாட்டுச் சாமான் ஆகிவிடாது. ஸ்கோப் பூட்டியதும் சில வீடுகளில் அடுத்த பேச்சு தோட்டத்து மயிலையும் கொக்கையும் பற்றியதாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. மயில் விளைச்சலைக் கெடுக்கிறது என்கிற வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் அதற்கு வழி இதுவல்ல. காகித டார்கெட்டைத் தவிர வேறெதையும் ஸ்கோப்புக்குள் கொண்டுவராத பிள்ளையாக அவனையும் அவளையும் வளர்த்துக் கொடுங்கள்.

இன்னொன்று, இதை நீங்கள் வாங்கும் முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பிள்ளை ஒரு நாள் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று போக வேண்டும் என்று ஆசைப்பட்டால், ஸ்கோப்பால் பயன் இல்லை. ஒலிம்பிக்கில் நடக்கும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் பெருக்கிக் காட்டும் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. டார்கெட்டின் மொத்த அகலம் 45.5 மில்லிமீட்டர், நடுவில் இருக்கிற 10 என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதைப் பீப் சைட்டின் சிறு துளை வழியாக, வெறும் கண்ணால் பார்த்துச் சுடுகிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது அப்படித்தான். பள்ளி விளையாட்டுகளில் ஓப்பன் சைட் என்று தனிப் பிரிவே நடத்துகிறார்கள். கழற்ற முடியவில்லையே என்று நீங்கள் சலித்துக்கொண்ட அந்த ஃபோர்சைட், பேக்சைட்டில்தான் அந்தப் பிள்ளைகள் தொடங்குகிறார்கள். என்சிசி முகாமில் .22 பிடித்த பிள்ளைகளுக்கும் இது தெரியும்.

அங்கேயும் மங்கல் புகார் வரும், அதற்குப் பதில் வேறு. பேக்சைட் அரை மீட்டர் தூரத்துக்குள், ஃபோர்சைட் ஒரு மீட்டர் அளவில், டார்கெட் 10 மீட்டரில் இருக்கின்றன. எந்தக் கண்ணாலும் மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. ஃபோர்சைட்டின் நுனி மட்டும் கூர்மையாகத் தெரிய வேண்டும். டார்கெட் மங்கலாகத்தான் தெரியும், அப்படித் தெரிவதுதான் சரி. டார்கெட்டைத் தெளிவாக்கப் பாடுபடுகிற பிள்ளையிடம் ஃபோர்சைட் சாய்வது அதன் கவனத்துக்கு வராது, குண்டு கையளவு தள்ளிப் போய் விழும். "டார்கெட் தெரியலை" என்று அழுகிற பிள்ளைக்கு ஸ்கோப் வாங்கிக் கொடுப்பதைவிட, "அது அப்படித்தாம்ப்பா தெரியும்" என்று சொல்வது பெரிய உதவி. ஒரு குறிக்கு எட்டு, பத்து நொடிக்கு மேல் கண்ணைப் பதித்து வைக்கவும் கூடாது. அதற்குமேல் கண் பார்ப்பது பழைய பிம்பத்தை. இறக்கிவிட்டு மூச்சு வாங்கி மறுபடி எடுங்கள். மற்றக் கண்ணை இறுக்கி மூடாதீர்கள், வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைப் பட்டையால் மறைத்தால் போதும்.

காட்சி தெளிவாக இருந்தும் குண்டு தப்பினால் அது சைட் நகர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ரா சுட்ட சரிபார்ப்புக் குண்டு 4-ல் போய் விழுந்தது. தன் சைட் மாறியிருந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சைட்டைத் திருப்பிச் சரிசெய்து, அந்தச் சுற்றில் 104.5 சேர்த்து 700.5-ல் தங்கம் வாங்கினார். டரட்டையோ சைட் குமிழையோ திருக வேண்டிய சமயம் அதுதான். எத்தனை கிளிக், எந்தப் பக்கம் என்று நோட்டில் எழுதிக்கொண்டு திருக வேண்டும்.

கடைசியாக, கண்ணையே பார்க்க வேண்டிய சந்தர்ப்பம். மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் ஃபோர்சைட் நுனி இரட்டையாகவோ சிதறலாகவோ தெரிந்தால், பிள்ளைக்குப் பவர் இருக்கலாம், கோணல் பார்வை இருக்கலாம். நாற்பது தாண்டிய அப்பாக்களுக்கு ஒரு மீட்டர் தூரம் தடுமாறுவது இயற்கை. படிக்கிற கண்ணாடி அதற்கு உதவாது, அது முக்கால் முழத்துக்கானது. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நமக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்தான். நல்ல கண் மருத்துவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். பரிசோதனைக்குப் போகும்போது ரைபிளை எடுத்துப் போக வேண்டாம். முந்தின நாள், பிள்ளை தன் நிலையில் நின்று கன்னம் வைத்திருக்கும்போது, கண்ணிலிருந்து ஃபோர்சைட் நுனி வரை டெய்லர் டேப்பால் அளந்து, எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். தலையைச் சாய்த்துப் பார்க்கிற பிள்ளை என்பதையும் சொல்லுங்கள், கண்ணாடியின் நடுப்பகுதி கண்ணுக்கு நேரே வருமாறு ஃபிரேமைச் சரிபார்த்துத் தருவார்கள்.

அன்புடன்,
ரேஞ்சில் உங்களோடு நிற்கும் ஒருவன்
திண்டுக்கல்